கணக்கா, கம்ப்யூட்டரா?

பிப்ரவரி முடிந்து மார்ச் பிறந்துவிட்டால் டில்லியில் நம்மவர் வீடுகளில் டி.வி. சத்தம் அடங்கிவிடும். பிளஸ் டூ பரீட்சை. அது முடிந்த கையோடு நுழைவுத் தேர்வு, விண்ணப்பம், கவுன்சலிங் என்று ஜூலை வரை ஓட்டம்தான். முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த மாதங்களில் என் தொலைபேசிக்கு ஓய்வு கிடையாது. கோயிலில் பார்த்தாலும் சரி, சங்கத்து விழாவில் பார்த்தாலும் சரி, "சார், பையனை என்ன படிக்க வைக்கலாம்?" என்ற கேள்வி காத்திருக்கும்.

சில வருடங்களாக அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "கணிதமும் கணிப்பொறியியலும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்று இருக்கிறதாமே, அது கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காதவர்கள் எடுப்பதா?"

இந்த எண்ணத்தை மறுக்கத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். பல ஐ.ஐ.டி.க்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் நிரம்பிய பிறகு அடுத்தடுத்து நிரம்பும் பிரிவுகளில் இதுவும் ஒன்று. அதனால் "அது இல்லாவிட்டால் இது" என்று நம் மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், பெண்ணுக்குக் கணக்கு பிடிக்கிறது, இரண்டு பேருக்கும் சமாதானமாக ஒரு படிப்பு என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. சமாதானத்துக்காக எடுக்கிற படிப்பு அல்ல இது. கணக்கில் "ஏன்?" என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு நாட்டில் குறைவு. அப்படிக் கேட்காத பிள்ளைக்கு இதைவிடச் சிரமமான மூன்று வருடங்களும் குறைவு. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதலில், இந்த இரண்டும் எங்கே ஒட்டுகின்றன என்பதை வீட்டில் விளையாடக்கூடிய ஒரு விளையாட்டை வைத்தே சொல்லிவிடுகிறேன். ஒன்றிலிருந்து பத்து லட்சத்துக்குள் ஓர் எண்ணை நீங்கள் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். நான் கேள்வி கேட்பேன். "ஆம்", "இல்லை" என்று மட்டும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். எத்தனை கேள்வியில் நான் கண்டுபிடிப்பேன்? புத்திசாலிக் குழந்தை, "ஐந்து லட்சத்துக்கு மேலா?" என்று பாதியிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு பதிலிலும் மிச்சம் பாதியாகும். இருபதே கேள்வியில் எண் கையில் கிடைத்துவிடும். இந்த முறையை ஒரு ப்ரோகிராமாக எழுதுவதற்கு ஒரு சுமாரான கம்ப்யூட்டர் வகுப்பு போதும்.

ஆனால் அடுத்த கேள்வி என்ன? இருபதைப் பத்தொன்பது ஆக்க முடியுமா? இன்னும் கெட்டிக்காரத்தனமாக யாராவது கேட்டால்? முடியாது. பத்தொன்பது "ஆம்-இல்லை" பதில்களை எத்தனை விதமாக வரிசைப்படுத்தினாலும் 5,24,288 வகைதான் வரும். பத்து லட்சம் எண்களுக்கு அது போதாது. ஆகவே இரண்டு எண்களுக்காவது ஒரே பதில் வரிசை அமைந்துவிடும், அவற்றைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. இதைச் சொல்ல கம்ப்யூட்டர் தேவையில்லை, மின்சாரமே தேவையில்லை. இனி பிறக்கப்போகிற எந்த மேதையாலும், எந்த இயந்திரத்தாலும் எல்லா எண்ணையும் பத்தொன்பதில் கண்டுபிடிக்க முடியாது என்று ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு தீர்மானமாகச் சொல்லிவிடுகிறோம். இருபதில் செய்துகாட்டுவதும், பத்தொன்பதில் முடியாது என்று நிரூபிப்பதும் ஒரே படிப்பின் இரண்டு பாதிகள். வேலை கொடுக்கிற பாதி எது, அழகான பாதி எது என்பதில் எனக்கு அபிப்பிராயம் உண்டு. கணக்கு வாத்தியார் அபிப்பிராயம் என்று தள்ளிவிடுவீர்கள்!

சரித்திரமும் இதைத்தான் சொல்கிறது. 1936-ல் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயர் தர்க்கவியலில் ஒரு கணிதப் பிரச்னையைத் தீர்க்கப் போய், கணக்கிடும் இயந்திரம் என்றால் என்ன என்று வரையறுத்தார். இன்றைக்கு நாம் கணிப்பொறி என்று சொல்வது பிறப்பதற்கு முன்பே, அப்படி ஒன்று வந்தால் அதனால் எவற்றைச் செய்ய முடியாது என்று எழுதிவைத்துவிட்டார்.

நம் நாட்டுக் கதைக்கு வந்தால், நம் டில்லித் தமிழருக்கே அதில் ஒரு பங்கு உண்டு. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி.ராஜாராமன் 1949-ல் பள்ளிப்படிப்பை முடித்தது இங்கே மதராசி கல்விச் சங்கப் பள்ளியில்தான். இன்று டில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் என்று நாம் சொல்கிறோமே, அவற்றின் பழைய பெயர் அது. 1965-ல் ஐ.ஐ.டி. கான்பூரில் கணிப்பொறியியலில் எம்.டெக். படிப்பு தொடங்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர் எழுதிய பாடநூல்களைப் படித்து ப்ரோகிராமிங் கற்றவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நம் வீட்டுப் பெண்களுக்காக. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் ராணி சிரோமணி, கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியர் தம்பதி இருந்தார்கள். 1974-ல் அவர்கள் கமலா கிரிதிவாசனோடு சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பாட்டி வாசலில் புள்ளி வைத்து இழுக்கிற கோலத்தைச் சில விதிகளால் படிப்படியாகப் பிறப்பிக்க முடியும் என்று காட்டும் கணிதம் அது. கணிப்பொறி மொழிகளுக்கு இலக்கணம் வகுக்கும் துறையின் கிளைதான் அதுவும். ராணி சிரோமணி இத்துறையில் இந்தியாவின் முன்னோடிகளில் ஒருவர். மாடிக் குடியிருப்பில் கதவுக்கு முன்னால் ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிற நாம், மார்கழியில் ஒரு நாளாவது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

கான்பூர் என்றதும் 2002-ஐ மறக்க முடியாது. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, எண் எவ்வளவு பெரிதானாலும், நியாயமான நேரத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் முறை உண்டா என்பது நெடுங்காலக் கேள்வி. அந்த வருடம் ஆகஸ்டில் ஐ.ஐ.டி. கான்பூரின் கணிப்பொறியியல் துறைப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயல், நிதின் சக்சேனா என்ற இரண்டு இளைஞர்களும் "உண்டு" என்று விடை சொன்னார்கள். அதைக் கணித உலகத்தின் தலைசிறந்த இதழ்களில் ஒன்று 2004-ல் வெளியிட்டது. கணிப்பொறியியலாளர்கள் 2006-ல் கோடல் பரிசு கொடுத்தார்கள். அவர்கள் கையாண்ட விஷயங்களில் பெரும்பகுதி ஒரு நல்ல பி.எஸ்சி. மாணவனுக்குப் புரியக்கூடிய இயற்கணிதம். இது கணக்கா, கம்ப்யூட்டரா என்று பிரிக்கச் சொன்னால் யார் பிரிப்பது?

சரி, எங்கே படிப்பது என்பதற்கு வருகிறேன்.

இந்தியாவில் இந்த இரண்டையும் சமமாக மதித்து, ஒரே பட்டமாகத் தொடங்கியவற்றில் எனக்கு மிகவும் மதிப்புள்ளது சென்னை கணிதவியல் கழகம். சி.எம்.ஐ. என்பார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்து, சென்னை லயோலாவில் படித்து, பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் உலகப் புகழ் பெற்ற சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் உருவாக்கியது. (அவர் நல்ல கர்நாடக சங்கீத வித்வானும்கூட. 2020-ல் காலமானார்.) ஆராய்ச்சியாளர்களே நேரடியாகப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1998-ல் கணிதமும் கணிப்பொறியியலும் சேர்ந்த மூன்று வருட பி.எஸ்சி. ஆனர்ஸ் அங்கே தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் அந்த நிறுவனத்துக்குப் பட்டம் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. போபாலில் உள்ள போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்தான் பட்டம் வழங்கியது. "திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டமா!" என்று அன்று முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். 2005-ல் சிறுசேரியில் சொந்தக் கட்டடத்துக்குப் போனார்கள். 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனார்கள். முகம் சுளிக்காமல் போன முதல் சில அணிப் பிள்ளைகளின் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

அங்கே போன என் மாணவி ஒருத்தி முதல் தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது சொன்னாள்: "அங்கிள், பன்னிரண்டு வருஷம் நாங்க படிச்சது கணக்கே இல்லையாம்." அழாத குறை. பிளஸ் டூவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். பள்ளியில் நாங்கள் வகைநுண்கணிதம் நடத்தும்போது சூத்திரம் கொடுத்து, இருபது கணக்குப் போட வைப்போம். அங்கே முதல் மாதமே மெய்யெண் என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, 0.999 என்று முடிவில்லாமல் போவது எப்படிச் சரியாக ஒன்றுக்குச் சமம் என்று ஆரம்பிக்கிறார்கள். விடைத்தாளில் எண் எழுதுவது கொஞ்சம், வாக்கியம் எழுதுவது அதிகம். "ஆகவே" என்று எழுதினால் எதனால் ஆகவே என்று சிவப்பு மையில் கேள்வி வரும்.

கம்ப்யூட்டர் பக்கமும் அதிர்ச்சிதான். சி.பி.எஸ்.இ.யில் பைத்தான் படித்துவிட்டு, எல்லாம் தெரியும் என்ற தைரியத்தோடு போகிற பையனுக்கு அங்கே முதலில் சொல்லித்தருவது ஹாஸ்கெல் என்ற மொழி. அதில் ப்ரோகிராம் எழுதுவது கணிதத்தில் ஒரு சார்பை வரையறுப்பது போலவே இருக்கும். நாம் பதினொன்றாம் வகுப்பில் கணிதத் தொகுத்தறிதல் என்று ஒன்று படித்தோமே, ஒன்றுக்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மையானால் அடுத்ததற்கும் உண்மை என்று! பரீட்சைக்கு நாலு மார்க்குக்காக மனப்பாடம் செய்த அந்த முறையை வைத்தே, எழுதிய ப்ரோகிராம் சரியானதுதான் என்று அங்கே நிரூபிக்கச் சொல்கிறார்கள். ஓட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது என்றால் போதாது. என் மாணவி இரண்டாவது வருடத்தில் தேறிவிட்டாள். இப்போது ஆராய்ச்சி செய்கிறாள். ஆனால் அவளோடு சேர்ந்த ஒரு பையன் முதல் வருடத்தோடு விட்டுவிட்டு வேறு படிப்புக்குப் போனான் என்று அவளே சொன்னாள். அவன் மக்குப் பையன் அல்ல, அவனுக்கு இதில் ருசி இல்லை, அவ்வளவுதான்.

சி.எம்.ஐ. ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். 1931-ல் மஹலனோபிஸ் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கல்கத்தாவில் பி.ஸ்டாட்., பெங்களூரில் பி.மேத். நடத்துகிறது. இந்த இரண்டு பட்டங்களுக்கும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். இதை நம் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் அறியாமல் இருப்பது வருத்தமான விஷயம். கணிப்பொறியியல் அங்கே பெயரில் இல்லை, பாடத்தில் கொஞ்சம் உண்டு. ஐ.ஐ.டி.க்களில் டில்லி, கௌஹாத்தி போன்ற இடங்களில் "கணிதமும் கணிப்பும்" என்ற பி.டெக். இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2022-ல் இதே பெயரில் பி.டெக். தொடங்கியது. நம் ஊரிலேயே டில்லி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இந்த பி.டெக்.குகளில் கணிப்பும் பயன்பாடும் தூக்கலாக இருக்கும், சி.எம்.ஐ.யில் நிரூபணம் தூக்கலாக இருக்கும். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சாம்பாரும் ரசமும் போல.

ஆகையால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்பது என் வேண்டுகோள். நெடுஞ்சாலையை ஒட்டிக் கட்டடம் எழுப்பிய பல கல்லூரிகள் இப்போது "கணிதம்", "டேட்டா", "செயற்கை நுண்ணறிவு" என்ற சொற்களை மாற்றி மாற்றிக் கோத்துப் பட்டப் பெயர் வைக்கின்றன. அப்படி ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தை ஒரு நண்பர் என்னிடம் காட்டினார். நான்கு வருடத்தில் நிரூபணம் எழுதச் சொல்லும் பாடம் ஒன்றுகூட இல்லை. மொத்தப் பணத்தையும் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். இயற்கணிதம், பகுப்பாய்வு, அல்காரிதம், கணிப்பின் கோட்பாடு, இவை தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றனவா, நடத்துபவர்கள் யார், முன்பு படித்தவர்கள் அடுத்து எங்கே போனார்கள் என்று விசாரியுங்கள். புடவை எடுக்கப் போனாலே கரோல் பாக்கில் நாலு கடை ஏறி இறங்குகிறோம்.

வெளி மாநிலத்தில் வாழ்கிற நமக்கு இதில் ஒரு தனி அனுகூலமும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால், வெளியே படித்த பிள்ளையிடம் பூர்வீகச் சான்றிதழ் கேட்பார்கள். தாசில்தார் அலுவலகத்துக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். இந்த ஊர்க் கல்லூரிகளில் டில்லிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கீடு உண்டு, ஆனால் அப்பாவுக்கு நடுவில் மாற்றல் வந்து பன்னிரண்டாவதை நாக்பூரிலோ போபாலிலோ முடித்த பிள்ளைக்கு அதுவும் கிடைக்காது. சி.எம்.ஐ., இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இரண்டும் நடத்தும் தேர்வுகளில் நீ எந்த மாநிலத்தான் என்ற பேச்சே இல்லை. இடங்கள் குறைவுதான், ஒவ்வொன்றிலும் சில பத்துகள். ஆனால் வரிசையில் எல்லோரும் ஒரே இடத்திலிருந்து நிற்கிறோம்.

"மூணு வருஷம் பி.எஸ்சி. படிச்சுட்டு அப்புறம் என்ன சார்?" இது அடுத்த கேள்வி. நியாயமானதுதான். சம்பளம் உடனே வர வேண்டிய வீடுகள் உண்டு, அவர்களுக்கு நான் உபதேசம் செய்ய மாட்டேன். பி.டெக். முடித்ததும் வளாகத்திலேயே வேலை கிடைக்கிற வாய்ப்பு அவர்களுக்கு முக்கியம், அப்படிப்பட்டவர்கள் ஐ.ஐ.டி. வழியைப் பார்ப்பதே சரி. பி.எஸ்சி. வழியில் போகிறவர்களில் பெரும்பாலோர் மேலே எம்.எஸ்சி., பி.எச்டி. என்று போகிறார்கள். வேறு சிலர் வங்கி, நிதி, மென்பொருள் நிறுவனங்களுக்குப் போகிறார்கள். ஐந்தாறு வருடம் பொறுத்திருக்கக் குடும்பத்தால் முடியுமா என்று அப்பாவும் அம்மாவும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிள்ளையிடமும் அந்தக் கணக்கை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆனால் "கம்ப்யூட்டர் படித்தால் வேலை நிச்சயம்" என்று இருபது வருடத்துக்கு முன் சொன்னதுபோல் இன்றைக்கு யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. ப்ரோகிராம் எழுதுவதையே இயந்திரம் செய்ய ஆரம்பித்துவிட்டது. தமிழில் கேட்டால்கூட எழுதித் தருகிறது. அது எழுதியது சரியா, எந்தச் சந்தர்ப்பத்தில் தவறும் என்று சொல்ல ஆள் வேண்டும். நம் வங்கிப் பணம் கைபேசியில் பத்திரமாகப் போய்வருவதற்குப் பின்னால் பகா எண்களையும் அவற்றுக்கு உறவான கணிதத்தையும் நம்பிய பூட்டுகள் இருக்கின்றன. 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் அமைத்த பூட்டு அந்த வரிசையில் புகழ்பெற்றது. எண் கணிதத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் படித்த காலத்தில் சொல்வார்கள். ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டியே கிட்டத்தட்ட அப்படித்தான் நினைத்தார்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம், சிறுசேரியில் தனியாக விடுவதா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அப்பாக்கள் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் புது டில்லி ஸ்டேஷனில் இறங்கியவர்கள். அவர்கள் பேத்தி படிப்புக்காக அதே தண்டவாளத்தில் திரும்பிப் போகிறாள். வளாகத்திலேயே விடுதி இருக்கிறது. பேச்சுத் தமிழ் தெரிந்தாலும் பஸ் போர்டு படிக்கத் தடுமாறுகிற நம் பிள்ளைகளுக்கு, கணக்கோடு கொஞ்சம் தமிழும் வந்து சேர்ந்தால் நஷ்டமில்லை.

பயிற்சி மையங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். காலு சராய் பக்கம் நடக்கும் வகுப்புகளில் வேகம் கற்றுத்தருகிறார்கள். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம், முடியாவிட்டால் அடுத்ததற்குத் தாவு. ஜே.இ.இ.க்கு அது தேவை. நான் சொல்லும் தேர்வுகளுக்கு அந்தப் பழக்கம் பாதிதான் உதவும். மே மாதத்தில் நடக்கும் இந்தத் தேர்வுகளில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பகுதியோடு, விளக்கி எழுத வேண்டிய பகுதியும் உண்டு. பத்து வரியில் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். நம் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடக்கும் அறை பதினொரு மணிக்குமேல் காலியாகத்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளைகளை அனுப்புங்கள், கரும்பலகையும் நானும் இருக்கிறோம். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்கள் இன்னும் இரண்டு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, காப்பி மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்தால் போதும்.

அதுவரை, அந்த நிறுவனங்களின் பழைய கேள்வித்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, விளக்கி எழுதும் பகுதியில் ஒரே ஒரு கணக்கைப் பிள்ளையிடம் கொடுங்கள். நேரம் சொல்லாதீர்கள், பக்கத்தில் நிற்காதீர்கள். சாப்பிடக் கூப்பிடும்போது "இரும்மா, வரேன்" என்று பதில் வந்தால் விண்ணப்பம் வாங்கிவிடலாம்.